பார்த்துக்கிடலாம் அண்ணாச்சி

கொச்சியில் பஸ்ஸும் மெட்ரோவும் படகும் கூடுகிற வைட்டிலா ஹப்பில், டிக்கெட் கேட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் போனைக் காதில் ஒட்டிக்கொண்டு ஓரமாக நிற்கிறார் என்றால், எதிர்முனையில் யாரும் இல்லை என்று தாராளமாகப் பந்தயம் கட்டலாம். அவர் பாடம் படித்துக்கொண்டிருக்கிறார். முன்னால் போகிற பையன் டிக்கெட்டின் எந்தப் பக்கத்தைக் கண்ணாடியில் காட்டுகிறான், கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, பையை முதலில் தள்ளுவதா காலை முதலில் வைப்பதா எல்லாம் மனப்பாடமாகிக்கொண்டிருக்கும். நடுநடுவே “ஆங்... சரி, சரி” என்று போனுக்கும் ஒரு மரியாதை.

இவர்தான் பார்த்துக்கிடலாம் அண்ணாச்சி. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், வீடு வைட்டிலா, வியாபாரம் மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும். மிளகை ஒரு கை அள்ளி உருட்டினார் என்றால் காய்ச்சல் போதுமா போதாதா என்று சொல்லிவிடுவார். சாக்குப் பிடிக்கிற பையன்களுக்கு அவர் வாயிலிருந்து வருவதுதான் வேதம். அப்படிப்பட்டவருக்கு இருபது வயதுப் பெண் ஒருத்தி “சேட்டா, இவிடெ காணிச்சா மதி” என்று பாடம் சொல்லலாமா? தெரியாமல் இருப்பதில் அவருக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அது நாலு பேருக்குத் தெரிவதில்தான் சங்கடம். ஏதாவது ஒன்றில் கெட்டிக்காரராக இருப்பவரைத்தான் இந்த நோய் தேடிப் பிடிக்கிறது. எதிலும் கெட்டிக்காரன் இல்லாதவன் கூச்சமில்லாமல் கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறான்.

2019-ல் மெட்ரோ ரயில் வைட்டிலாவுக்கும் வந்தது. “கூட்டம் குறையட்டும், பார்த்துக்கிடலாம்” என்றார். பின்னாலேயே கொரோனா வந்தது. அதைவிடக் கௌரவமான சாக்கு இவருக்கு அமைந்ததில்லை. நகரும் படிக்கட்டா? “மாடிப்படிதான் முழங்காலுக்கு நல்லது.” போனில் பணம் அனுப்புவதா? “எண்ணிக் குடுத்தாத்தான் காசுக்கு மரியாதை.”

2023 ஏப்ரலில் வாட்டர் மெட்ரோ தொடங்கியபோதுதான் சிக்கல் முற்றியது. முதலில் விட்ட இரண்டு வழிகளில் ஒன்று வைட்டிலா–காக்கநாடு. மகள் வீடு காக்கநாட்டில். பேட்டரியில் ஓடுகிற ஏசி படகு. தண்ணீர் ஏறி இறங்கும்போது கூடவே ஏறி இறங்கும் மிதவை ஜெட்டி, ஆகவே பழைய படகுக்குத் தாவியதுபோல் தாவவும் வேண்டாம். அண்ணாச்சியோ ஆட்டோவில் சிக்னலுக்குச் சிக்னல் வெந்துகொண்டு போனார். கேட்டால், “தண்ணியில எனக்கு ஒத்துக்கிடாது.” தாமிரபரணியில் முங்கிக் குளித்து வளர்ந்த உடம்பு சொல்கிற பதில் இது!

ஒருநாள் டீக்கடையில் ஆலப்புழை கார்த்தியாயினி அம்மாவின் கதையை எடுத்துவிட்டேன். 2018-ல், 96 வயதில், கேரள எழுத்தறிவு இயக்கத்தின் தேர்வை எழுதி நூற்றுக்கு 98 வாங்கியவர். பக்கத்து இருக்கைப் பெரியவர் அவருடைய தாளை எட்டிப் பார்க்கிற படம் ஊரெல்லாம் சுற்றியது. அடுத்து கம்ப்யூட்டர் படிக்க வேண்டும் என்றதும் கல்வி அமைச்சரே லேப்டாப் கொண்டுவந்து கொடுத்தார். 2020-ல் நாரி சக்தி விருது வேறு.

அண்ணாச்சி டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். “அந்தம்மாவுக்கு என்னவே? தொண்ணூத்தாறுல தப்புப் பண்ணினா கைதட்டுவான். அறுபத்திரெண்டுல பண்ணினாத்தான் சிரிப்பான்.”

இதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

போன மாதம் பேத்திக்குப் பிறந்தநாள், ஆட்டோ கிடைக்கவில்லை, படகுதான் வழி. அவர் சம்சாரம் ஆச்சி முன்னால் நடக்க, அண்ணாச்சி பின்னால். கேட் நெருங்கியதும் வழக்கம்போல் போன் காதுக்கு ஏறியது. ஆச்சி நிற்கவே இல்லை. மணிபர்ஸிலிருந்து ஓரம் தேய்ந்துபோன கார்டு ஒன்றை எடுத்துக் காட்டினார், கதவு திறந்தது, அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தார்.

“ஏட்டி, இது எப்பலேர்ந்து?”

“நீங்க கடைக்குப் போன பொறவு நான் மக வீட்டுக்கு எப்படிப் போறேன்னு நினைச்சீய? போனை வச்சிட்டு டிக்கெட்டக் காட்டுங்க, பின்னால ஆளு நிக்கி.”