மலைக்கு ஐஸ் சுமந்தவன்

சேலத்தில் மே மாத வெயில். நாகலூரில் சித்தி வீட்டில் நாலு நாள் தங்கலாம் என்று கிளம்பினேன். கூடவே இரண்டு இன்சுலின் பாட்டில்.

'2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கவும்' என்று அதன் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறது. 'உறைய விடக்கூடாது' என்றும் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. நான் முதல் வரியோடு படிப்பை நிறுத்திக்கொண்டேன். அகல வாய் பிளாஸ்கில் ஐஸை உடைத்துப் போட்டு, பாட்டில்களைப் புதைத்து, மேலே இரண்டு கை கல்லுப்பையும் தூவினேன். சின்ன வயதில் குல்பிக்காரர் பீப்பாயில் உப்பு கொட்டுவதைப் பார்த்ததிலிருந்து, உப்பு போட்டால் ஐஸ் உருகாது என்பது என் விஞ்ஞானம். உண்மையில் உப்பு ஐஸை உருக்கத்தான் செய்யும். உருகும்போது சுற்றியுள்ள சூட்டை இழுத்துக்கொண்டு, பூஜ்யத்துக்கும் கீழே பத்து டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். குல்பி உறைவது அப்படித்தான். என் இன்சுலினும் உறைந்தது.

20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிளாஸ்கைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தேன். மேலே ஏற ஏறக் காற்று சில்லிட்டது. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாலே போதும் என்று அப்போதும் தோன்றவில்லை.

சித்தி பிளாஸ்கைத் திறந்து பார்த்தாள். "ஏன்டா, பனி இறங்குற ஊருக்கு ஐஸ் தூக்கிட்டு வந்தியா?"

பாட்டிலை உள்ளங்கையில் உருட்டினேன். உருகியது. பால் மாதிரி கலங்கலாக இருக்க வேண்டிய மருந்து, திரிந்த பாலாகத் துணுக்குத் துணுக்காய்க் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. குலுக்கினேன். வெளிச்சத்தில் பிடித்து, 'அப்படியொன்றும் இல்லையே' என்று எனக்கு நானே சொல்லியும் பார்த்தேன். உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது என்பது எனக்குத் தெரியும். விலைதான் கண்ணை மறைத்தது.

சித்திக்கும் சர்க்கரைதான். கரண்ட் போய்ப்போய் வரும் ஊரில் அவள் பிரிட்ஜை நம்புவதில்லை. பெரிய சட்டிக்குள் சின்னச் சட்டி, நடுவில் ஈர மணல், மேலே ஈரத்துணி. அதற்குள் உலர்ந்த டப்பாவில் மருந்து. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் கென்யாவின் அகதி முகாம் வெப்பத்தை வைத்து ஆராய்ந்து, 25-க்கும் 37-க்கும் இடையே ஏறி இறங்கும் சூட்டிலும் இன்சுலின் நாலு வாரம் தாங்குகிறது என்று 2021-இல் வெளியிட்டார்கள். சித்தி அதையெல்லாம் படித்ததில்லை. சட்டியில் தண்ணீர் தெளிப்பதை மட்டும் மறக்க மாட்டாள்.

மறுநாள் ஏற்காட்டு மருந்துக்கடை. சீட்டு சேலத்தில், மேஜை இழுப்பறையில். "40-ஆ, 100-ஆ சார்?" என்றார் கடைக்காரர். ஏழு வருடமாகக் குத்திக்கொள்கிறவனுக்கு அது தெரியவில்லை. அவரே பொறுமையாக, "சிரிஞ்சு மூடி சிவப்பா, ஆரஞ்சா?" என்று கேட்டார். பையைத் துழாவி எடுத்துக் காட்டினேன். சிவப்பு. அப்படியானால் 40. மகளுக்கு போன் போட்டுச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்ன பிறகுதான் பாட்டிலைக் கொடுத்தார். அவர் செய்தது சரி. நான்தான் நடுவில் நாலு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

இதோடு முடிந்திருக்கலாம். போன ஐப்பசியில் நான் மறந்துவிட்டுப் போன மாத்திரை டப்பாவைச் சித்தி ஞாபகமாக எடுத்து வந்தாள். அட்டையைக் கிழித்து மாத்திரைகளை டப்பாவில் கொட்டி வைப்பது என் சுத்தம். திறந்ததும் குப்பென்று வினிகர் வாசம். ஊறுகாய் ஜாடியைத் திறந்து வைத்திருக்கிறாளோ என்று அடுப்படியை எட்டிப் பார்த்தேன். ஈரம் பட்ட ஆஸ்பிரின் உடைந்தால் வருவது சாட்சாத் வினிகரில் இருக்கும் அமிலம்தான். ஆறு மாதமாக நாகலூர்ப் பனியைக் குடித்திருக்கிறது.

திரும்பும்போது சித்தி ஒரு குட்டிச் சட்டி ஜோடியை மணலோடு கொடுத்தனுப்பினாள். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர் குனிந்து பார்த்து, "என்னங்க, முளைப்பாரியா?" என்றார்.

ஆமாம் என்றேன்.