ஊர் கிடைத்ததும் சொல்கிறோம்

கல்யாணமாகி ஒரு தீபாவளி கடந்துவிட்டால் நாகப்பட்டினத்தில் நம்மை யாரும் நலம் விசாரிப்பதில்லை. "விசேஷம் ஏதும் உண்டா?" என்று நேராக வயிற்றுக்கே போய்விடுவார்கள். பால்காரர் கேட்டார். கேஸ் சிலிண்டர் போடும் தம்பியும் கேட்டான். என் மனைவி எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தாள்: "முதல்ல ஊர் கிடைக்கட்டும். கிடைச்சதும் சொல்றோம்."

"ஏன், இந்த ஊருக்கு என்ன குறைச்சல்?"

குறைச்சலே இல்லை. வெளிப்பாளையத்தில் இரண்டு அறை, வராந்தா, கொல்லையில் முருங்கை மரத்தோடு 6,500 ரூபாய்க்கு வீடு கிடைக்கும். அரிசி மாமனார் வயலிலிருந்து வரும். மீன் அக்கரைப்பேட்டையிலிருந்து துள்ளிக்கொண்டு வரும். பிரசவத்துக்கு அலைய வேண்டாம். 2022இல் ஒரத்தூரில் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. குடும்பம் நடத்தத் தேவையான எல்லாம் இங்கே உண்டு, சம்பளம் தவிர. நான் மெக்கானிக்கல் இன்ஜினீயர், அவள் லேப் டெக்னீஷியன். இரண்டு பேருக்கும் ஒரே ஊரில் வேலை, அந்த ஊரில் கட்டுப்படியாகிற வாடகை என்று தேடிப் பாருங்கள். பத்துப் பொருத்தம் பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று புரியும்.

ஊர் எப்போதும் இப்படி இருந்ததில்லை. ராஜராஜ சோழன் காலத்திலேயே ஸ்ரீவிஜய அரசர்கள் கடல் கடந்து வந்து இங்கே சூடாமணி விகாரம் கட்டினார்கள். சோழர் அதற்கு ஆனைமங்கலத்தை எழுதிக் கொடுத்தார். வெளிநாட்டு முதலீட்டாளர் மாநாடு எதுவும் நடத்தாமல் வந்த முதலீடு அது. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டை விட்டு 1690இல் இங்கே தலைமையிடத்தை மாற்றினார்கள். அதற்கப்புறம் ஒவ்வொன்றாக மூட்டை கட்ட ஆரம்பித்தன. வெள்ளைக்காரர் காலத்தில் தஞ்சாவூர் ஜில்லா கலெக்டர் ஆபீஸ் இங்கேதான் இருந்தது. 1845இல் தரங்கம்பாடிக்குப் போயிற்று. ரயில்வே பணிமனை 1920களின் கடைசியில் திருச்சி பொன்மலைக்குப் போயிற்று. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆளேற்றிப் போன ராஜுலா கப்பல் 1973இல் ஓய்வு பெற்றது. 1991இல் தனி மாவட்டமானபோது கலெக்டர் ஆபீஸ் மட்டும் திரும்பி வந்தது. மனு கொடுக்க இடம் கிடைத்தது. வேலை கொடுக்கத்தான் யாருமில்லை.

மேட்டூரில் தண்ணீர் திறந்தால் நாங்கள் கடைமடை. மேலே எல்லோரும் நாற்று நட்டு முடித்த பிறகுதான் எங்கள் வாய்க்கால் நனையும். வேலைவாய்ப்பும் அப்படியே. சென்னையில் திறந்துவிட்டார்கள், 2024இல் தஞ்சாவூருக்கு டைடல் நியோ ஐ.டி. பூங்காவாக வந்து சேர்ந்தது, நாகை வாய்க்காலில் இன்னும் ஈரம் தெரியவில்லை.

அம்மாவுக்கு மட்டும் நம்பிக்கை போகவில்லை. "ஏன்டா, ஊரு ஊருன்னு அலையுறீங்க? பனங்குடியில பெரிய கம்பெனி வருதாம்ல" என்பார். வருகிறதுதான். 1993இல் ஆண்டுக்கு ஐந்து லட்சம் டன்னில் தொடங்கிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை அது. தொண்ணூறு லட்சம் டன்னுக்குப் பெரிதாக்க 2021இல் அடிக்கல் நாட்டினார்கள். அது வளர்ந்து எனக்கு வேலை கொடுப்பதற்குள் என் பிள்ளைக்கே வேலை தேடும் வயது வந்துவிடும் என்றேன். "அப்ப அவனுக்காச்சும் ஆவும்ல?" என்றார். அம்மாவின் தொலைநோக்கு எந்தத் திட்டக்குழுவுக்கும் வராது.

மாமனார் வேறு ரகம். 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தபோது தெருவுக்கே மிட்டாய் கொடுத்தவர். எனக்கும் அந்தச் சட்டத்தில் முழுச் சம்மதம். நெல் விளையும் மண்ணைத் தோண்டி எரிவாயு தேடுவது பைத்தியக்காரத்தனம். ஆனால் அதே மாமனார்தான் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது தரகரிடம், "விவசாயம் பாக்குற பையன் மட்டும் வேண்டாம்" என்று சொல்லி அனுப்பியவர். மண்ணைப் பாதுகாக்கலாம், மாப்பிள்ளையைப் பாதுகாப்பதுதான் கஷ்டம்.

ஆகவே காரைக்கால் எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போனோம். வேலை கிடைப்பதில் சிரமமில்லை. வீடுதான். மடிப்பாக்கத்தில் ஒரு இரண்டாவது மாடி. அடுக்களையில் ஒருவர் திரும்ப வேண்டுமானால் இன்னொருவர் வெளியே வரவேண்டும். ஃப்ரிட்ஜ் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் நிற்கும். வாடகை 18,000, அட்வான்ஸ் பத்து மாதம். 2017ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் மூன்று மாதம்தானே வாங்கச் சொல்கிறது என்று நான் மெல்லச் சொன்னேன். வீட்டுக்காரர் என்னைவிட நன்றாகப் படித்திருந்தார். "வேற ஒப்பந்தம் இல்லாட்டாதான் சார் மூணு மாசம். அதான் நாம ஒப்பந்தம் போடப் போறோமே!"

அதுகூடப் பரவாயில்லை. கடைசியாக ஒன்று கேட்டார்: "எந்த ஊரு நீங்க?"

"நாகப்பட்டினம்."

முகம் மாறியது. "மீன் சமைப்பீங்களா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். "முட்டை வரைக்கும் ஓகே" என்று அவரே இறங்கி வந்தார். கொடுவாயும் காலாவும் தின்று வளர்ந்தவளிடம் முட்டை வரைக்கும் அனுமதி! படியிறங்கும்போது தரகர், "வீட்டுக்காரர் நல்ல மனுஷன் சார், வாசனை மட்டும்தான் ஆகாது" என்றார். தரகர் கமிஷன் ஒரு மாத வாடகை. அதற்கு வாசனை கிடையாது.

ஓசூரில் என்னோடு படித்தவர்கள் பாதிப் பேர் இருக்கிறார்கள். அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று பெயர்களைக் கேட்டாலே மெக்கானிக்கல்காரனுக்கு ஊறும். ஆனால் சம்பளம் ஓசூர் கணக்கு, விலைவாசி பெங்களூர்க் கணக்கு. கோயம்புத்தூர் உத்தமமான ஊர். சிறுவாணித் தண்ணீரும் மரியாதையான பேச்சும் உண்டு. கேடு என்னவென்றால் தூரம். ஒரு ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வரும் அம்மா, வந்த களைப்பு தீரவே ஒரு மாதம் தங்குவார்.

இந்த இடத்தில்தான் மனைவிக்குப் பொறி தட்டியது. வாடகையையும் சம்பளத்தையும் மட்டும் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தோம். பெரிய செலவு அதில் வரவே இல்லை. நாளைக்குக் குழந்தை பிறந்தால் பார்த்துக்கொள்ள ஆள்? சென்னையில் காப்பகத்துக்கும் ஆயாவுக்கும் கொடுத்தால் அவள் சம்பளத்தில் பஸ் பாஸ்தான் மிஞ்சும். நாகையில் அம்மா இலவசம். ஆனால் சம்பளமே கிடையாது. எனவே ஊர் எது என்பதல்ல கேள்வி, அம்மாவிடமிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கே வந்துவிட வேண்டும். மருமகள் குழம்பில் உப்பு கம்மி என்று கேள்விப்பட்டால் கிளம்ப யோசிக்க வேண்டும். ரயிலில் அது மூன்று, மூன்றரை மணி நேரம்.

அட்டவணையைப் பார்த்தோம். திருச்சி.

துவாக்குடியில் பெல் நிறுவனத்துக்குப் பாகங்கள் செய்து கொடுக்கும் ஒரு பட்டறையில் எனக்கு வேலை. ஆர்டர் குறைந்தால் முதலாளி முகம் சுருங்கும். ஏழாம் தேதி சம்பளம் பன்னிரண்டாம் தேதி வரும், ஆனால் வரும். அவளுக்குத் தில்லைநகரில் ஒரு லேப். திருவெறும்பூரில் வீடு, வாடகை 9,000. வீட்டுக்கார அம்மா அசைவம். காவிரியில் பிடித்த கெண்டையைக் கொடுத்து, "உங்க ஊர்ல இது கிடைக்காதே" என்று பரிதாபப்படுகிறார். தினமும் பொன்மலையைக் கடந்துதான் அவளுடைய பஸ் போகிறது. நூறு வருஷத்துக்கு முன் எங்கள் ஊரிலிருந்து போன வேலையை இப்போதுதான் பின்தொடர்ந்து வந்திருக்கிறோம். கடைமடைக்காரர்கள், தாமதம் ஆகும்தான்.

ஒரு விஷயம். நாங்கள் கிளம்பியதில் நாகையில் அம்மா வீட்டு மாடி போர்ஷன் காலி. காற்று வரும், தண்ணீர் உண்டு, மீன் தாராளமாகச் சமைக்கலாம். அட்வான்ஸ் சட்டப்படி மூன்று மாதம்தான். அந்த ஊரில் வேலை கிடைத்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.