சனிக்கிழமை அண்ணா

மாதத்தின் இரண்டாம் சனியும் நான்காம் சனியும் வங்கிகளுக்கு விடுமுறை. 2015 செப்டம்பரிலிருந்து அப்படித்தான். நம்மாளுக்கு அந்த இரண்டு நாளும்தான் வேலை நாள். இரண்டாம் சனி, 1998 முதல் சென்னையில் கூடிவரும் லினக்ஸ் பயனர் குழு. நான்காம் சனி, பைத்தான் நிரல்மொழிக் குழு. மற்றபடி திங்கள் முதல் வெள்ளி வரை பழைய மகாபலிபுரம் சாலைக் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் அவருக்கு ஒரு நாற்காலி இருக்கிறது, மாதச் சம்பளமும் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அதைப் பற்றிக் கேட்டால், “ஏதோ இன்சூரன்ஸ் புராஜெக்ட்” என்று ஊர்ப் பெயர் மறந்தவர் போலச் சொல்வார். காலை ஸ்டாண்டப்பில் அவர் பேசுவது மொத்தம் ஒரு வரி: “நேத்து பார்த்த டிக்கெட்டையே இன்னைக்கும் பார்க்கிறேன்.”

அதே மனிதர் கையில் சனிக்கிழமை மைக் கிடைத்துவிடக் கூடாது. பேச்சாளர் முடித்துவிட்டு “கேள்வி ஏதாவது இருக்கா?” என்று தண்ணீர் பாட்டிலைத் திறப்பதற்குள் நம்மாளின் கை மேலே போய்விடும். “இது கேள்வி இல்ல, ஒரு சின்ன கமென்ட்” என்று எழுந்திருப்பார். பேச்சாளர் சொன்ன லைப்ரரி முந்தைய வெர்ஷனில் எப்படி இருந்தது, அதை ஏன் மாற்றினார்கள், மாற்றியது ஏன் தப்பு, அதை அன்றைக்கே மெயிலிங் லிஸ்ட்டில் யார் யார் எதிர்த்தார்கள் என்று வரலாறு விரியும். பாட்டில் காலியாகிவிடும். கமென்ட் முடியாது.

அதற்காக அவரை விட்டுவிட்டுக் கூட்டம் நடத்திவிட முடியுமா என்றால், முடியாது. பேச்சாளரின் லேப்டாப்பும் அரங்கத்து புரொஜெக்டரும் ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல் முழிக்கும்போது மொத்த அரங்கமும் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்க்கும். நம்மாள் தாலி கட்டும் நேரத்தில் தேடப்படும் தாய்மாமனைப் போல நிதானமாக எழுந்து வருவார். பையிலிருந்து ஹெச்டிஎம்ஐ, விஜிஏ, டைப்-சி என்று அடாப்டர்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். கூடவே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மார்க்கர், யாரோ போன வருடம் விட்டுவிட்டுப் போன குடை.

அவர் சட்டை வாங்கி யாரும் பார்த்ததில்லை. 2009-இல் பெங்களூரில் தொடங்கிய பைகான் இந்தியா என்ற பைத்தான் மாநாடு 2019-இல் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கு வந்தது. அங்கே கொடுத்த டிஷர்ட்டைத்தான் இன்றைக்கும் நல்ல நாள் பெரிய நாளுக்கு எடுக்கிறார். தாய்மொழி தமிழ், மதம் பைத்தான் என்று சொல்லக்கூடிய ஆள். அவருடைய அத்தை மகள் கல்யாணப் பத்திரிகையின் புரூஃபை வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது, குலதெய்வம் பெயருக்குக் கீழே இன்டென்டேஷன் சரியில்லை என்று திருப்பி அனுப்பியவர்.

2018 ஜூலையில் ஒருநாள் வீட்டுக்குள் நுழைந்தவர் முகம் செத்துப் போயிருந்தது.

“கைடோ விலகிட்டாரும்மா.”

“யாருடா, உங்க மேனேஜரா?”

பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராஸம் என்றும், ஆயுள் முழுக்க அவரே தலைவர் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள் என்றும், முக்காற்புள்ளியையும் சமக்குறியையும் சேர்த்து மொழியில் ஒரு புதுக் குறி கொண்டுவருவதில் எழுந்த சண்டையில் மனம் வெறுத்துவிட்டார் என்றும் விளக்கினார்.

“ரெண்டு புள்ளிக்கும் ரெண்டு கோட்டுக்குமா இவ்வளவு? நம்ம அபார்ட்மென்ட் அசோசியேஷனே தேவலாம்” என்று சொல்லிவிட்டு அம்மா தோசையைத் திருப்பிப் போட்டார்.

நம்மாள் எழுதி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் ஒரு சின்ன லைப்ரரி உண்டு. அதற்கு வந்த சோதனைக் காலம் 2020 அக்டோபர். ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்று வருடா வருடம் ஒரு திருவிழா. ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்கு நான்கு புல் ரிக்வெஸ்ட், அதாவது திருத்தக் கோரிக்கை, அனுப்பினால் டிஷர்ட் என்றார்கள். நம்ம ஊரில் டிஷர்ட் என்றால் கேட்க வேண்டுமா? ரீட்மி ஃபைலில் ‘அருமையான’ என்று ஒரு வார்த்தை சேர்த்து ஒருவர், ஒரு முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டு இன்னொருவர், அதே முற்றுப்புள்ளியைத் திரும்ப வைத்து மூன்றாமவர் என்று உலகம் முழுக்கக் குவித்தார்கள். விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு அனுப்புவது மட்டும்தான் இனி கணக்கில் வரும் என்று சில நாளிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. மற்ற மெயின்டெயினர்கள் கொத்தாக மூடித் தள்ளினார்கள். நம்மாள் மட்டும் ஒவ்வொருவருக்கும், நல்ல பங்களிப்பு என்பது என்ன என்று நான்கு பத்தி எழுதினார். அவர்கள் யாரும் படித்திருக்க மாட்டார்கள். அவருக்கும் அது தெரியும்.

தெரிந்தே செய்வதில் அவருக்கு நிகர் கிடையாது. விழுப்புரம் பக்கத்துக் கல்லூரியிலிருந்து ஒரு பெண் இரவு பதினொன்றரைக்கு மெசேஜ் அனுப்புகிறாள். “அண்ணா, ஓடலண்ணா.” கூடவே திரையை போனில் பிடித்த படம். பாதி எர்ரர், பாதி சீலிங் ஃபேனின் நிழல்.

“எர்ரரைப் படிச்சியாம்மா?”

“சிவப்பா வந்துச்சுண்ணா.”

“கடைசி வரியிலேருந்து படி. பைத்தான்ல விஷயம் கீழதான் இருக்கும்.”

“ரேண்டம்ல ரேண்டின்ட்டே இல்லங்குது. யூடியூப்ல இருந்துச்சேண்ணா!”

“எந்த ரேண்டம்ல இல்லங்குது? அது எந்த ஃபோல்டர்லேருந்து வருதுன்னு பிரின்ட் பண்ணிப் பாரு.”

முக்கால் மணி நேரம் இப்படியே போகிறது. கடைசியில் அந்தப் பக்கத்திலிருந்து: “ஐயோ அண்ணா, என் ஃபைலுக்கே நான் ரேண்டம்னு பேர் வெச்சிருக்கேன்!” பைத்தான் முதலில் பக்கத்து ஃபைலைத்தான் தேடும், அவளுடைய நிரல் தன்னைத்தானே இறக்குமதி செய்துகொண்டிருந்தது. முதல் படத்திலேயே, ஃபேன் நிழலுக்குப் பக்கத்தில் அந்த ஃபைல் பெயர் நம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. இந்த அழுத்தத்துக்கு அவரை நாலு சாத்து சாத்தலாம்தான். ஆனால் அந்தப் பெண் இனி எந்த ஃபைலுக்கும் பெயர் வைக்கும் முன் ஒரு கணம் யோசிப்பாள். ஆபீஸ் டிக்கெட் மட்டும் அன்றைக்கும் திறந்தே கிடந்தது.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போனார்கள். பஜ்ஜி, சொஜ்ஜி முடிந்து பெண்ணின் அப்பா மெதுவாக ஆரம்பித்தார்.

“சனிக்கிழமையும் வேலை இருக்காமே தம்பி, ஓவர்டைமா?”

“இல்ல அங்கிள், அது கம்யூனிட்டி.”

அம்மா பதறிப்போய், “சாதிச் சங்கம் எல்லாம் இல்லைங்க, கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது” என்றார்.

“ஓஹோ. அதுக்குத் தனியா ஏதாவது தர்றாங்களா?”

“இல்ல அங்கிள்.”

“பின்ன யாருக்குச் செய்றீங்க?”

“யார் யூஸ் பண்றாங்கன்னு தெரியாது அங்கிள். டவுன்லோட் ஆகுது.”

“ரோட்டரி கிளப் மாதிரின்னு வெச்சுக்கலாமா? எங்க அண்ணன் அதுல இருந்தார். ஒரு வருஷம் பிரசிடென்ட் ஆக்கினாங்க, சால்வையெல்லாம் போட்டாங்க. உங்களுக்கு என்ன போடுவாங்க?”

நம்மாள் உண்மையை மறைக்கத் தெரியாதவர்.

“டிஷர்ட் குடுத்துட்டிருந்தாங்க அங்கிள். 2023-ல அதையும் நிறுத்திட்டாங்க.”