அடாணாவும் விளக்கெண்ணெயும்

முதல் பிரசவம் தாய் வீட்டில் என்பது நம்மவர்களின் பழைய சம்பிரதாயம். ஆனால் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஹைதராபாத்தில் உத்தியோகம், டாக்டரம்மாளும் அங்கேயே, பிரசவத்திற்கு முந்தின வாரம் வரையில் ஆபீஸ் வேலை வேறு என்று காரியங்கள் அமைந்துவிட்டபடியால், பெண் தாய் வீட்டுக்கு வருவதற்குப் பதில் தாய் வீடே மூட்டை கட்டிக்கொண்டு பெண்ணிடம் போகவேண்டியதாயிற்று. இப்படியாகத்தான், மாயவரத்தில் காவேரி ஸ்நானமும் மாதப் பென்ஷனுமாய்ச் சௌக்கியமாக இருந்த நான், ஆனி மாதப் பிறப்பன்று, பிரசவ லேகியம், சுக்கு, பெருங்காய டப்பா, திருக்கருகாவூர் விளக்கெண்ணெய்ப் புட்டி, மனைவி ஆகிய சகல பரிவாரங்களுடனும் கொண்டாப்பூரில் ஒரு கட்டடத்தின் பதினோராவது மாடிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

போகப்போகிற ஊரைப் பற்றி முன்கூட்டியே புஸ்தகத்தில் படித்துவிடும் கெட்ட வழக்கம் எனக்கு உண்டு. கொண்டாப்பூர் என்று தேடியதில், சாதவாகனர் காலத்து நாணயங்களை அகழ்ந்தெடுத்த ஸ்தலம் என்று கண்டிருந்ததால், என் பெண் புராதனமான சூழ்நிலையில்தான் வாசம் செய்கிறாள் என்று பூரித்துப் போயிருந்தேன். அது சங்காரெட்டிப் பக்கத்துக் கொண்டாப்பூராம். இந்தக் கொண்டாப்பூரில் தோண்டுவதெல்லாம் அஸ்திவாரத்திற்காக, கிடைப்பதெல்லாம் பாறை.

வந்து நாலு நாள் ஆயிற்று. ஒரு ராத்திரி சாப்பாடானதும் பெண் சொன்னாள்: "அப்பா, பிரசவ வேளையில பிடிச்ச பாட்டு கேட்டுக்கலாம்னு ஆஸ்பத்திரி வகுப்புல சொன்னாங்க. வலி கொஞ்சம் மறக்குமாம். உங்களுக்குத்தான் சங்கீதம் தெரியுமே, நீங்களும் அவரும் சேர்ந்து ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்களேன்."

இந்த வார்த்தைகள் என் செவியில் விழுந்த அந்த க்ஷணத்தில் நான் அடைந்த பெருமிதத்தை வாசகர்கள் உணரவேண்டுமானால், முப்பத்தொரு வருஷத்துக்கு முன் இதே பெண் பிறந்தபோது எனக்கு அளிக்கப்பட்டிருந்த பொறுப்பு என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். பிளாஸ்கில் காபி வாங்கி வருவது; வாங்கி வந்ததை யாரும் குடிக்காமற்போகவே நானே குடித்துவிட்டு மறுபடியும் வாங்கி வருவது. அவ்வளவுதான். அந்த நிலையிலிருந்து பிரசவத்தின் சங்கீத நிர்வாகத்துக்கே உயர்த்தப்பட்டேன் என்றால் அது சாமான்யமான பிரமோஷனா?

மேலும், இது ஏதோ நேற்று முளைத்த நாகரிகம் என்று எண்ணுவோர் நம் சாஸ்திரங்களை அறியாதவர்கள். சீமந்தத்தின்போது வீணை வாசிப்போரைப் பாடச் சொல்ல வேண்டுமென்று கிருஹ்ய சூத்திரங்களே விதிக்கின்றன. வளைகாப்பில் இரண்டு கைகளிலும் கண்ணாடி வளையல்களை முழங்கை மட்டும் அடுக்குவதும், உள்ளே இருக்கிற குழந்தை அந்தச் சலசலப்பைக் கேட்கட்டும் என்பதற்காகத்தான் என்று பாட்டிமார் சொல்வார்கள். கயாதுவின் வயிற்றிலிருந்த பிரகலாதனுக்கு உபதேசம் செய்தவர் வீணையும் கையுமாய்த் திரிகிற நாரதர். இவ்வளவும் போதாதென்று, உலக சுகாதார ஸ்தாபனமும் 2018-ஆம் வருஷத்துச் சிபார்சுகளில், பிரசவ வலியைத் தணிக்க விரும்பும் ஆரோக்கியமான ஸ்திரீகளுக்கு, அவரவர் இஷ்டத்தை அனுசரித்து, மூச்சுப் பயிற்சி முதலானவற்றோடு சங்கீதத்தையும் சேர்த்திருக்கிறது. "அவரவர் இஷ்டத்தை அனுசரித்து" என்ற அந்தச் சிறிய நிபந்தனையை மாப்பிள்ளை படித்துக் காட்டியபோது, நாங்கள் இருவருமே அதை அவ்வளவாக லட்சியம் செய்யவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மாப்பிள்ளை நல்லவர், ஆனால் மொஜார்ட் கட்சி. மொஜார்ட் கேட்டால் குழந்தைக்குப் புத்தி விருத்தியாகும் என்பது அவருடைய சித்தாந்தம். விசாரித்ததில், 1993-இல் 'நேச்சர்' பத்திரிகையில் வந்த ஓர் ஆராய்ச்சிதான் அதற்கு மூலம் என்பதும், அதில் மொஜார்ட்டைக் கேட்டவர்கள் குழந்தைகள் அல்லர், கல்லூரி மாணவர்கள் என்பதும், அவர்களுக்கு உண்டான புத்திக் கூர்மையும் கால் மணி நேரத்துக்கு மேல் தங்கவில்லை என்பதும் தெரியவந்தன. ஆனாலும் 1998-இல் அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்து கவர்னர், பிறக்கிற குழந்தை ஒவ்வொன்றுக்கும் அவ்வித சங்கீதத் தட்டு ஒன்று கொடுக்க வேண்டுமென்று வரவு செலவுத் திட்டத்திலேயே பணம் கேட்டாராம். நம் பக்கத்தில் தேர்தலுக்கு மிக்ஸி கொடுத்தார்களே, அது எவ்வளவோ மேல். அதில் சட்னியாவது அரைபட்டது. கடைசியில், மொஜார்ட்டுக்குக் கால் மணி, எஞ்சிய நேரம் கர்நாடக சங்கீதத்துக்கு என்று எங்களுக்குள் உடன்படிக்கையாயிற்று.

எஞ்சிய நேரம் எவ்வளவு என்பதில்தான் சிக்கல். தலைச்சன் பிரசவத்தில், கர்ப்பப்பையின் வாய் ஐந்து சென்டிமீட்டர் விரிந்த பிற்பாடே பன்னிரண்டு மணி நேரம் வரை ஆகலாம் என்கிறார்கள். அதற்கு முந்தின மந்த கதிக்கோ கணக்கே கிடையாது. நல்ல கச்சேரி ஒன்று மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் நாலு கச்சேரி. நாலு வர்ணம், நாலு தனி ஆவர்த்தனம், நாலு மங்களம்! எங்கள் பக்கத்துத் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையவர்களின் தோடியைப் போலப் பிரசவமும் எப்போது முடியுமென்று எவராலும் சொல்லமுடியாத விஷயம். அந்தத் தோடியாவது முடியவே கூடாதென்று கேட்டவர்கள் பிரார்த்தித்தார்கள்.

அடுத்தது ராகத் தேர்வு. முகாரி சோகம் என்று தள்ளுபடி. பிலஹரியைப் பாடித் தியாகையர் இறந்தவரைப் பிழைக்க வைத்தார் என்பது கதையாதலால், ஆஸ்பத்திரியில் அது அபசகுனம் என்று அதுவும் தள்ளுபடி. நீலாம்பரியை மாப்பிள்ளை ஆசையோடு சேர்த்திருந்தார். நான் பாரதத்தைக் காட்டி ஆட்சேபித்தேன். சக்கரவியூகக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்த சுபத்திரை நடுவில் தூங்கிப் போனதால்தானே வயிற்றிலிருந்த அபிமன்யு பாதிப் பாடத்தோடு பிறந்து, வெளியே வர வழி தெரியாமல் மாண்டான்? பிரசவ வேளையில் தூக்கம் வரவழைக்கிற ராகம் நமக்கு எதற்கு? எட்டயபுரத்தில் முத்துஸ்வாமி தீக்ஷிதர் பாடி மழை பொழியச் செய்தார் என்கிற அமிர்தவர்ஷிணியை, பனிக்குடம் உடைகிற கட்டத்துக்கென்று ஒதுக்கி வைத்தோம். பட்டியலின் சிகரமாக நான் வைத்தது அடாணா. தீக்ஷிதரின் சீடர் தம்பியப்பனுக்குத் தீராத வயிற்று வலி வந்தபோது, குருபகவான் பேரில் அடாணாவில் ஒரு கிருதி செய்து பாடச் சொல்லி அதைத் தீர்த்து வைத்தார் என்பது சங்கீத உலகில் பிரசித்தம்.

இதை நான் கம்பீரமாக விளக்கிக்கொண்டிருந்தபோது, சுக்கு இடித்துக்கொண்டிருந்த என் மனைவி தலை நிமிராமலே, "அந்தத் தம்பியப்பன் என்ன பிள்ளையா பெத்தான்?" என்று கேட்டாள். சங்கீத ஞானமில்லாதவர்களோடு வாதம் செய்வதில் பிரயோஜனமில்லை.

ஆஷாட மாதத்து ஒரு சனிக்கிழமை நள்ளிரவில் வலி கண்டது. ஆஸ்பத்திரியில் முதலில் விட்ட அறையில் நாங்கள் எல்லோரும் இருக்கலாம் என்றார்கள். மொஜார்ட் தமது கால் மணி நேரத்தை முடித்துக்கொண்டு விடைபெற்றார். அப்புறம் தியாகையர். பெண்ணின் வயிற்றில் பட்டை ஒன்றைக் கட்டிக் குழந்தையின் நாடித் துடிப்பை ஒரு பெட்டியில் கேட்கும்படி செய்திருந்தார்கள். நிமிஷத்துக்கு நூற்று நாற்பதுக்குக் குறையாமல் குதிரை ஓடுகிற மாதிரி சப்தம். பாட்டோ சௌக காலம். உள்ளே இருப்பவரோ துரித காலம். எந்தத் தாளத்துக்குத் தொடை தட்டுவதென்று தெரியாமல் என் கை தத்தளித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான், அதுவரை நான் எதிர்பார்த்திராத ஓர் ஆபத்து வந்தது.

வரங்கல் பக்கத்து நர்ஸுப் பெண் ஒருத்தி உள்ளே வந்து, ரத்த அழுத்தம் பார்த்தபடியே பாட்டைக் காது கொடுத்துக் கேட்டாள். எங்கள் ஊருக்குச் சமீபத்தில், அதே காவேரிக் கரையில் வாழ்ந்த தியாகையர் பாடியது பெரும்பாலும் தெலுங்கு என்பதும், அர்த்தம் தெரியாமலேயே தலைமுறை தலைமுறையாக நாம் அதில் கண்ணீர் மல்கி வருகிறோம் என்பதும் உலகறிந்தவை. ஆனால் அது புரிகிற தேசத்தில் பாட்டை வைத்திருக்கிறோம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ராமா, ஏன் இன்னும் வரவில்லை, என் கஷ்டம் தெரியவில்லையா என்று மகான் முறையிடும் கிருதிகள் எத்தனையோ. அவற்றில் இரண்டு மூன்றை நான் வரிசையாகப் போட்டிருந்தேன் போலிருக்கிறது. நர்ஸ் என்னைப் பார்த்துத் தெலுங்கில் சொன்னதை மாப்பிள்ளை மொழிபெயர்த்தார்: "பாவம், இந்தப் பெரியவரும் ராத்திரியிலிருந்து காத்துக்கொண்டிருக்கிறாரா?"

பெண் சிரித்தாள். அதுதான் அவள் சிரித்த கடைசிச் சிரிப்பு. அடுத்த வலி வந்ததும் அவளைப் பிரசவ அறைக்கு அழைத்துப் போனார்கள். துணைக்கு ஒருவர்தான் வரலாம் என்றபோது, ஒரு வினாடிகூட யோசிக்காமல் அவள் தன் தாயாரைப் பிடித்துக்கொண்டாள். விளக்கெண்ணெய்ப் புட்டி உள்ளே போயிற்று. எங்கள் கௌரவத்தை முன்னிட்டு, பாட்டு நிறைந்த கைப்பேசியும் கூடப் போயிற்று.

பத்து நிமிஷத்தில் கைப்பேசி திரும்பி வந்தது. நர்ஸ் அதை இரண்டு விரல்களால், வேண்டாத மருந்துச் சீட்டைப் போலப் பிடித்துக் கொணர்ந்து மாப்பிள்ளை கையில் வைத்துவிட்டுப் போனாள். அடாணா ஆரம்பித்ததும், "அம்மா, அந்த மனுஷரை முதல்ல வாயை மூடச் சொல்லு" என்று பெண் கத்தினாளாம். மனுஷர் என்று அவள் சொன்னது பாடகரையா, என்னையா என்பதை இன்றைய தேதி வரையில் நான் விசாரிக்கவில்லை.

நடையில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்த எனக்குத் திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவரின் ஞாபகம் வந்தது. காவேரியில் வெள்ளம் புரண்டு, ரத்னாவதியின் தாயார் அக்கரையிலேயே தங்கிவிட, சிவபெருமான் தாமே அந்தத் தாயாராக வந்து பிரசவம் பார்த்தார் அல்லவா? கையில் உடுக்கை வைத்திருப்பவர் அவர். நந்தியை அழைத்தால் மத்தளம், நாரதரை அழைத்தால் வீணை. ஒருவரையும் அழைத்து வரவில்லை. கொண்டு வந்தது இரண்டு கைகள்தான். சர்வேசுவரனே ஆனாலும் அந்த அறைக்குள் அனுமதி வேண்டுமானால் தாயாக உருமாறித்தான் போகவேண்டும் போலும் என்று எண்ணி, மாப்பிள்ளைக்கும் சேர்த்து ஒரு காபி வாங்கி வந்தேன். அவர் குடிக்கவில்லை. நானே குடித்தேன்.

பொழுது விடிந்தது, மத்தியானமும் ஆயிற்று. அன்று ஞாயிற்றுக்கிழமை, தெலுங்கு தேசத்து ஆஷாட மாதமாகையால் போனாலு பண்டிகை. திடீரென்று வீதியில் தப்பு முழங்கத் தொடங்கியது. எட்டிப் பார்த்தேன். பாலும் வெல்லமும் சேர்த்துப் பொங்கிய பானைகளை, வேப்பிலை சுற்றி, மேலே தீபம் வைத்து, தலையில் ஏந்திப் பெண்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். மேனியெல்லாம் மஞ்சளும் கையில் சாட்டையுமாய் அம்மனுடைய சகோதரனான போத்தராஜு குதித்து வந்தான். அறைக்குள் நீலாம்பரியைக்கூட அனுமதிக்காத நாங்கள் இந்தப் பேரொலியைச் சகிப்போமா? மாப்பிள்ளை ஓடிப்போய்ப் பிரசவ அறைக் கதவைத் தட்டி, ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார். உள்ளேயிருந்து என் பெண்ணின் குரல் கேட்டது, ஆஸ்பத்திரி முழுதும் கேட்கும்படியாக:

"சாத்தாதீங்க! அது இருக்கட்டும்!"

பிறகு என் மனைவி சொல்லித்தான் விவரம் தெரிந்தது. தப்பு தொடர்ந்து அடிபடும்போது முக்குவதும், அடி ஓய்கிற இடத்தில் மூச்சு வாங்குவதுமாக அவள் தன் காரியத்தை அதன் கதியோடு பிணைத்துக்கொண்டுவிட்டாளாம். ஊர்வலம் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி முக்குத் திரும்புவதற்குள் பேத்தி பிறந்துவிட்டாள். ஆஷாடத்தில் அம்மன் தன் பிறந்தகத்துக்கு வருகிறாள் என்பது இந்த ஊர் ஐதீகமாம். முதல் பிரசவத்துக்குப் பிறந்தகம் போகமுடியாத என் பெண்ணுக்குத் துணையாக, பிறந்தகம் போகிற அம்மனே தன் மேளத்தோடு அந்த வழியாக வந்தாள் என்கிறாள் என் மனைவி. விளக்கெண்ணெயின் மகிமையைப் பற்றியும் அவள் சொல்வதுண்டு. அடாணாவைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை.

பத்தாம் நாள், மனம் தாங்காமல் பெண்ணிடமே கேட்டேன்: "ஏம்மா, இவ்வளவு பாடுபட்டுப் பட்டியல் போட்டோமே, ஒன்றுகூடவா உதவவில்லை?"

குழந்தையைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டியபடியே அவள் சொன்னாள்: "நல்லா உதவுச்சுப்பா. நீங்களும் அவரும் சும்மா இருந்தா, எப்போ வலி, எப்போ வலின்னு பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் வந்து நிப்பீங்க. லிஸ்ட் போடச் சொன்னதும் மூணு வாரம் என் பக்கமே வரலையே ரெண்டு பேரும்!"

ஆக, வலியை மறப்பதற்காகத்தான் அந்தச் சங்கீதம். மறக்கவேண்டியவர்கள் யாரென்பதில்தான் எங்களுக்குச் சிறிது குழப்பம் நேர்ந்துவிட்டது.

பேத்திக்கு இப்போது எட்டு மாதம். தூளியில் போட்டு நான் நீலாம்பரியை எடுத்தால், கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறாள். எவர்சில்வர் தாம்பாளத்தைக் கவிழ்த்துப் போட்டு இரண்டு கைகளாலும் தடதடவென்று அடித்தால் ஐந்தே நிமிஷத்தில் தூங்கிப்போகிறாள். அந்த உத்தியோகம் எனக்குத்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது.