என்னை உப்பள அதிபர் ஆக்கியவர்

கிளியனூர்ப் பக்கம் மனை விற்கிறவர்களின் பூகோளமே தனி. திண்டிவனம் – புதுச்சேரி சாலையில் எங்கே கல் நட்டாலும் அது ‘பாண்டிக்கு மிக அருகில்’தான். அப்படியொரு நகரில் கட்டி முடித்த வீடு ஒன்றைப் பார்த்தோம். மோட்டாருக்குத் தனிக்காசு, தண்ணீர்த் தொட்டிக்குத் தனிக்காசு, மாடிப்படிக் கைப்பிடிக்கும் தனிக்காசு என்றார் பில்டர். இலவசமாகக் கிடைத்தது லோன் புரோக்கர் மட்டும்.

மனிதர் கையில் ரெக்சின் பையோடு வந்தார். பைக்குள் எல்லா பேங்கின் விண்ணப்பங்களும் இருந்தன. “எந்த பேங்க் வேணும் சார்?” என்று மளிகைக் கடைக்காரர் பருப்பு ரகம் கேட்கிற மாதிரி கேட்டார். எல்லாவற்றிலும் போட்டு வைப்போம், எது விழுகிறதோ விழட்டும் என்பது அவர் கொள்கை. விண்ணப்பம் போகிற ஒவ்வொரு பேங்கும் நம் சிபில் கணக்கைத் திறந்து பார்க்கும், அடிக்கடி திறந்தால் மதிப்பெண் சரியும் என்பதை அவர் சொல்லவில்லை. சரியப்போவது அவர் மதிப்பெண் இல்லையே.

அடுத்து, விண்ணப்பத்தை வெறுமையாக நீட்டினார். கையெழுத்துப் போடவேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி. “போட்டுக் கொடுங்க சார், மத்ததை நான் பார்த்துக்கறேன்.” நான் பேனாவைத் தேடும்போது உள்ளேயிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்: “ஒண்ணுமே எழுதாத பேப்பர்ல கையெழுத்துப் போட நீங்க என்ன ரசிகருக்கு ஆட்டோகிராபா போடுறீங்க?”

அதனால் நிரப்பிக் கொண்டுவந்தார். படித்துப் பார்த்தேன். நான் மரக்காணத்தில் ஒரு உப்பு வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறவன். விண்ணப்பத்தில் உப்பள உரிமையாளர் ஆகியிருந்தேன். மாத வருமானம் 90,000 ரூபாய். சித்திரையிலும் 90,000, ஐப்பசியிலும் 90,000. “தம்பி, மழைக்காலத்துல பாத்தி முழுக்கத் தண்ணி நிக்கும். அப்ப ஏதுப்பா உப்பு?” என்றேன். கொஞ்சமும் அசரவில்லை. “பேங்க்ல இருக்கறவங்களுக்கு உப்பு கடையில விளையுதுன்னுதான் சார் தெரியும்!”

இதில் வேடிக்கை என்னவென்றால், பொய் அவருடையது, கையெழுத்து என்னுடையது. நாளைக்கு விவகாரம் வந்தால் பேங்க் தேடுவது உப்பள அதிபரைத்தான். புரோக்கரின் பெயர் எந்தப் பக்கத்திலும் இருக்காது.

வீட்டுக்கும் இரண்டு வேஷம் வைத்திருந்தார்கள். கடன் அதிகமாகக் கிடைக்க பேங்குக்குக் காட்டும் ஒப்பந்தத்தில் 38 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்; அந்தச் செலவு குறைய வேண்டுமே, அதற்காகப் பத்திரத்தில் 22 லட்சம். ஒரே வீடு, அதே சுவர். பதிவுக்குத் திண்டிவனம் போகிற வழியில் 16 லட்சம் இளைத்துவிடுகிறது.

கடன் உலகில் இதெல்லாம் சில்லறை. டி.ஹெச்.எஃப்.எல். என்ற வீட்டுக்கடன் நிறுவனத்தின் மீது 2021 மார்ச்சில் சி.பி.ஐ. போட்ட வழக்கைப் படித்தால் நம் புரோக்கர் மீது பரிதாபமே வரும். மும்பை பாந்த்ராவில் இல்லாத ஒரு கிளையை ஏட்டில் உண்டாக்கி, சுமார் 2.6 லட்சம் போலி வீட்டுக்கடன் கணக்குகள் காட்டினார்கள், தொகை 14,000 கோடிக்கு மேல் என்பது குற்றச்சாட்டு. பிரதமர் வீட்டுத் திட்டத்தின் வட்டி மானியத்தையும் அந்தக் கணக்குகளின் பேரில் கேட்டார்களாம். இல்லாத மனிதர்களிடம் யார் வில்லங்கச் சான்று கேட்டிருப்பார்கள்? உயிரோடு இருக்கிற என்னிடம் மூலப்பத்திரம், பட்டா, வரி ரசீது எல்லாம் கேட்டார்கள். அமெரிக்காவில் 2008-க்கு முன் வருமானச் சான்றே இல்லாமல் கடன் வாங்கிக் கொடுத்த புரோக்கர்களும் இதே ஜாதிதான். கையெழுத்து விழுந்ததும் கமிஷன், அப்புறம் கடன் திரும்பினால் என்ன, திரும்பாவிட்டால் என்ன?

கமிஷன் என்றதும் ஞாபகம் வருகிறது. இவர்களுக்குப் பணம் கொடுப்பது பேங்க். அது தெரியாதென்று நினைத்து என்னிடமும் ஒரு சதவீதம் ‘சர்வீஸ் சார்ஜ்’ கேட்டார். “ஜிபே வேண்டாம் சார், கையிலேயே கொடுங்க.” திங்கட்கிழமை வட்டி ஏறப்போகிறது என்றும் அவசரப்படுத்தினார். நடந்தது 2025-ல். அந்த பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 6.5 சதவீதத்திலிருந்து 5.5-க்கு இறக்கியிருந்தது.

கடைசியில் இன்ஷூரன்ஸ். “கம்பல்சரி சார், 1,20,000 தான். கைக்காசு வேண்டாம், லோன்லயே சேர்த்துடலாம்.” கணக்கு எழுதுகிறவனிடம் வந்து இதைச் சொன்னார் பாருங்கள். எட்டரை சதவீத வட்டியில் 20 வருஷத்துக்கு அந்த 1,20,000-க்கு மட்டும் மாதம் சுமார் 1,040 ரூபாய் தவணை. கட்டி முடிக்கும்போது ஏறக்குறைய இரண்டரை லட்சம். கடனோடு ஆயுள் காப்பீடு எடுத்தே தீரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி எங்கும் சொல்லவில்லை. வேண்டுமென்றால் தனியாக டேர்ம் பாலிசி எடுத்துக்கொள்ளலாம்.

“கே.எஃப்.எஸ். கொடுப்பா” என்றேன். வட்டி, கட்டணம், இன்ஷூரன்ஸ், எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் என்று ஒரே இடத்தில் சொல்லும் விவரத்தாள் அது. 2024 அக்டோபர் 1 முதல் புதிய வீட்டுக்கடன்களுக்கும் கட்டாயம். அதில் இல்லாத கட்டணத்தை நம் சம்மதமின்றி வாங்கக் கூடாது. அதுவரை வாய் ஓயாத மனிதர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு தெருவுக்குப் போனார். ரெக்சின் பையை எடுக்கத்தான் திரும்பி வந்தார்.

சம்பளச் சீட்டோடு நேராக பேங்க் கிளைக்கே போனேன். உப்பள அதிபருக்குக் கிடைத்திருக்கும் தொகை கணக்குப்பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. அதற்குத் தகுந்த சின்ன வீடாகப் பார்த்துக்கொண்டோம்.

உங்களுக்கு இப்படி யாராவது வாய்த்தால் முதலில் பேங்குக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். விவரம் கேட்க 14448. கட்டணம் கிடையாது, புரோக்கரும் தேவையில்லை.