நைட் ஹால்ட்

தமிழ்நாட்டில் கேரவன் என்றால் உள்ளே ஒரு நடிகர் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் ஜனங்கள் மனம் நொந்துபோகிறார்கள். வலங்கைமானில் ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைப்பதற்குள் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். "ஷூட்டிங் எங்க சார்?" கதவு திறந்தது. முண்டா பனியனும் தோளில் துண்டுமாக எழுபத்தெட்டு வயது அப்பா இறங்கிச் சோம்பல் முறித்தார். தயாராகப் பிடித்திருந்த செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே ஒரு பையன் சொன்னான்: "ஹீரோவோட அப்பா கேரக்டர் போலருக்கு."

ஹீரோவாகிய நான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இந்த வண்டி ஆசை எனக்கு வந்தது ராத்திரி பதினொரு மணிக்கு மேல் பார்க்கிற வீடியோக்களால். வெள்ளைக்காரத் தம்பதி ஒரு ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, பின்கதவைத் திறந்து வைத்து, முட்டை பொரிப்பார்கள். அவ்வளவுதான் கதை. அதை நான் பிரமித்துப் போய்ப் பார்ப்பேன். அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரர் என் பார்க்கிங்கில் பைக்கை நிறுத்தினால் அதைத் தட்டிக் கேட்கத் துணிவில்லாத ஒருவனுக்கு, உலகத்தில் எங்கு வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பதைவிடப் பெரிய சுதந்திரம் என்ன இருக்க முடியும்?

மனைவியிடம் சொன்னேன். "ரெண்டு பாத்ரூம் இருக்கிற வீட்டுக்கு மாசா மாசம் ஈ.எம்.ஐ. கட்டறோம். அதைப் பூட்டிப் போட்டுட்டு, கால் பாத்ரூம் இருக்கிற வீட்டுக்கு நாள் வாடகையா?" என்றாள். அப்புறம், "லீவு போட்டும் பாத்திரம் தேய்க்கணும்னா நான் வரலை. உங்கப்பாவைக் கூட்டிட்டுப் போங்க. அவருக்குத்தான் பஸ் பிடிக்கும்" என்று முடித்துவிட்டாள்.

பிடிக்கும் என்பது சின்ன வார்த்தை. அப்பா ஓய்வுபெற்ற கண்டக்டர். 1972இல் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய சோழன் போக்குவரத்துக் கழகத்தில் சேர்ந்து, டெல்டாவின் சந்துபொந்தெல்லாம் டிக்கெட் கிழித்தவர். 1997இல் அரசாங்கம் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களின் பெயரையும் எடுத்துவிட்டது. அந்தச் செய்தி இன்னும் அப்பாவுக்கு வந்து சேரவில்லை. அவருக்கு இன்றைக்கும் "நம்ம சோழன்"தான்.

வண்டியைக் காட்டியதும் செக்கிங் இன்ஸ்பெக்டர் தோரணையில் ஏறினார். ஒரு பழைய டிராவலர் வேனின் குடலை உருவிவிட்டு, உள்ளே இரண்டு கட்டில், குட்டி ஃபிரிட்ஜ், கரண்ட் அடுப்பு, கை கழுவும் தொட்டி, மூலையில் ஒரு கெமிக்கல் டாய்லெட் என்று அடைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாக விளக்கினேன்.

"சீட் எத்தனை?" என்றார்.

"பெட் ரெண்டுப்பா."

"நான் சீட்டைக் கேட்டேன்."

டாய்லெட்டுக்கும் அடுப்புக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி இருப்பதைப் பார்த்ததும் அந்தப் பக்கம் திரும்புவதையே நிறுத்திவிட்டார். கடைசியில் வாடகை எவ்வளவு என்றார். பாதியாகக் குறைத்துச் சொன்னேன். அதற்கே அப்படியே நின்றார்.

"வண்டியில படுத்துத் தூங்கறதுக்கு நீ காசு குடுக்கறியா? எனக்கு பேட்டா குடுத்தாங்கடா."

டெல்டாக்காரர்களுக்கு நைட் ஹால்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி கடைசி சிங்கிளாக ஒரு உள்ளடங்கிய ஊருக்குப் போகிற பஸ், டிப்போவுக்குத் திரும்பாமல் அங்கேயே ஆலமரத்தடியிலோ கோயில் வாசலிலோ படுத்துவிடும். டிரைவரும் கண்டக்டரும் அதிலேயே தூங்கி, விடிவதற்குள் பால் கேனையும் பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு முதல் சிங்கிள் எடுப்பார்கள். அப்பா தன் சர்வீஸில் பாதி ராத்திரிகளை இப்படிக் கழித்தவர். நான் வீடியோ பார்த்துக் கனவு கண்டுகொண்டிருந்த வாழ்க்கையை, அவர் சம்பளம் வாங்கிக்கொண்டு வாழ்ந்து, பி.எஃப்.பும் எடுத்து முடித்துவிட்டார்.

வண்டியின் மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், வீடியோக்களில் இதைச் சொல்வதில்லை. கட்டிலுக்கு அடியில் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி. பெருக்கினால் 1,200 வாட்-மணி. ஈய பேட்டரி, பாதிக்கு மேல் உறிஞ்சினால் சீக்கிரம் செத்துப்போகும். ஆகக் கையில் 600. அப்பா சித்திரை வெயிலிலும் வெந்நீரில் குளிப்பவர். ஒரு வாளி, 15 லிட்டர், அதை 25 டிகிரி ஏற்ற ஏறக்குறைய 440 வாட்-மணி. மிச்சம் 160. அதில் ஃபிரிட்ஜ், ஃபேன், விளக்கு, என் செல்போன், ஒரு குக்கர் சாதம். கூரையில் சோலார் பலகை இருந்தது. புளியமர நிழல் பார்த்து வண்டியை நிறுத்துகிற குடும்பத்துக்கு அதனால் என்ன பயன்? ராத்திரியெல்லாம் இந்தக் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். விடிந்ததும் அப்பா, வயலில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பம்புசெட்டின் கீழ் பச்சைத் தண்ணீரில் உட்கார்ந்து, "உள்ளே வாடா, சுகமா இருக்கு" என்றார். வீட்டில் இருபது வருஷமாக கீசருக்குக் கரண்ட் பில் கட்டியவன் நான்.

ஓடும் வண்டியில் அவர் உட்காரவே இல்லை. கட்டில் அமுங்குகிறதாம். ஃபிரிட்ஜில் முதுகைச் சாய்த்து, மேலே அலமாரிக் கைப்பிடியை ஒரு கையால் பிடித்து, காலை லேசாக அகட்டி நின்றுகொண்டே வந்தார். என் பக்கம் வளைவுகளில் டம்ளர்கள் உருண்டன, அவர் அசையவில்லை. நான் பின்னால் எடுக்கும்போது ரிவர்ஸ் கேமராவைப் பார்த்தால் அவருக்குக் கோபம் வரும். இறங்கிப் போய் வண்டியின் பக்கவாட்டில் தட்டி, "வரலாம், வரலாம், வரலாம்... ஹோல்டான்!" என்பார். அதற்குப் பிறகு ஒரு அங்குலம் நகர்ந்தாலும் திட்டு. இரண்டாம் நாள் பையிலிருந்து விசிலை எடுத்தார். ஒன்று ஊதினால் நில், இரண்டு ஊதினால் போ. அலுவலகத்தில் எனக்குக் கீழே இருபத்தாறு பேர் வேலை பார்க்கிறார்கள் என்பதை இந்த இடத்தில் சொல்லி வைக்கிறேன்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டைப் பற்றி அறியாதவர்கள் நம் பக்கத்தில் கிடையாது. சாத்தினால் சாத்தினதுதான். மன்னார்குடிக் கிளை வேறு அங்கேதான் பிரிகிறது. இன்ஜின் முன்னால் போகும், பின்னால் வரும், என்னமோ யோசித்துக்கொண்டு நிற்கும். முன்னும் பின்னும் லாரி, நெல் அறுக்கும் இயந்திரம், கல்யாண வேன். என் கேரவன் வாழ்க்கை உண்மையில் மலர்ந்தது அங்கேதான். ஏரிக்கரைக்குப் பதில் ரயில்வே கேட். பின்கதவைத் திறந்து வைத்து ரவா உப்புமா கிளறினேன். காபி போட்டேன். பனங்கிழங்கு விற்ற பெண் தன் கூடையை எங்கள் படியில் இறக்கிவைத்து, உப்புமாவில் உப்பு இல்லை என்று அபிப்பிராயம் சொன்னாள். பாத்திரம் தேய்த்து, துடைத்து, அலமாரியில் அடுக்கி முடித்த பிறகும் கேட் திறக்கவில்லை. "டிரிப் ஷீட்லயே இதுக்கு டைம் சேர்த்துத்தான் போடுவோம்" என்றார் அப்பா, பெருமையாக.

மன்னார்குடி, மதுக்கூர் தாண்டிப் பட்டுக்கோட்டைப் பக்கம் போகும் வழியில் பெரிய ரோட்டை விட்டு, ஆரஞ்சுத் தலை மைல்கல் நட்ட கிராமச் சாலையில் இறங்கினோம். தை மாசக் கடைசி, சம்பா அறுவடை. ரோட்டில் பாதி நெல் காய்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுப்பதில்லை. களத்தைவிடத் தார் ரோடு சூடு. ஓரமாகக் கல் வரிசை வைத்து, ஒரு அம்மாள் துடைப்பத்தோடு காவல். இந்தப் பக்கம் வாய்க்கால். மேலே தாழத் தொங்கும் கரண்ட் கம்பி. கூரையில் சோலார். நான் வியர்த்துக்கொண்டு நிற்க, அப்பா இறங்கி முன்னால் நடந்து, ஒரு நெல்மணி நசுங்காமல் வண்டியைக் கடத்திவிட்டார். அந்த அம்மாள் துடைப்பத்தைத் தோளில் சாய்த்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"காலியாத்தானே போவுது? ரெண்டு மூட்டை இருக்கு. ஆபீசு வரைக்கும்..."

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா மூட்டையின் ஒரு முனையைப் பிடித்திருந்தார். காலி வண்டி ஓட்டுவது அவரைப் பொறுத்தவரை பாவம். ஐந்து விரல் மோதிரத்தைவிட அருவருப்பான ஆடம்பரம். அதற்குப் பிறகு கையைக் காட்டினவர்களுக்கெல்லாம் ஒரு விசில்தான். ரேஷன் கடைக்குப் போகிற பாட்டி, வளைகாப்புக்குப் போகிற ஒரு குடும்பம், டியூஷன் பிள்ளைகள். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லையல்லவா? ஏறின ஒவ்வொரு பெண்ணும், "இதுலயும் லேடீஸ் ஃப்ரீதானே?" என்று கேட்டாள். "இதுல ஜென்ட்ஸும் ஃப்ரீ. முதலாளி கொஞ்சம் ஒரு மாதிரி" என்று என் முதுகைக் காட்டினார் அப்பா. ஒரு பெரியவர் ஆட்டுக்குட்டியோடு வந்தார். லக்கேஜ் எங்கே வைப்பது என்று ஒரு கணம் யோசித்த அப்பா, மூலைக் கதவைத் திறந்து ஆட்டை உள்ளே விட்டுச் சாத்தினார். நாள் வாடகை கொடுத்த அந்த டாய்லெட்டைப் பயணம் முழுவதிலும் பயன்படுத்திய ஒரே ஜீவன் அதுதான். முறைப்படி பயன்படுத்தியது என்று சொல்ல மாட்டேன்.

மல்லிப்பட்டினம் அருகில் கடலோரமாக மனோரா. எட்டு நிலைக் கோபுரம். தஞ்சாவூர் சரபோஜி மன்னர் 1814இல் கட்டியது, ஐரோப்பாவில் நெப்போலியனை ஆங்கிலேயர் வீழ்த்தியதைக் கொண்டாட. நான் இதை உணர்ச்சியோடு விவரித்தேன். அப்பாவுக்கு மனோரா ஒரு ஸ்டேஜ். அங்கே இறங்குகிறவர்கள் சரியான சில்லறை தருவதில்லை, அவ்வளவே.

"இவருக்கும் நெப்போலியனுக்கும் என்ன தகராறு?"

"ஒண்ணுமில்லப்பா. 1799லயே ராஜ்யத்தைக் கம்பெனிக்கு எழுதிக் குடுத்துட்டாரு. கோட்டை மட்டுந்தான் இவர் கையில."

"ஓகோ. மேனேஜர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கடன் வாங்கி மோதிரம் போடற மாதிரி" என்றார். போன ஆண்டு என் ஜெனரல் மேனேஜர் மகள் கல்யாணத்துக்கு நான் போட்டது மோதிரமல்ல, வெள்ளிக் குத்துவிளக்கு. அதை அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியும்.

அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை வழியாக வேதாரண்யம். 1930 ஏப்ரல் 13இல் திருச்சியிலிருந்து கிளம்பி, ராஜாஜியும் சுமார் நூறு பேரும் உப்புக்காக நடந்து 28ஆம் தேதி வந்து சேர்ந்த ஊர். தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் மிரட்டி வைத்திருந்தார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள் என்பார்கள். உப்பளத்து வெள்ளை கண்ணைக் கூச, ஏ.சி. சரியாகக் குளிரவில்லை என்று நான் புலம்பியது இந்த வரலாற்றைச் சொல்லி முடித்த அதே மூச்சில். கோடியக்கரைக்குப் போய் வெளிமான் பார்த்தோம். அவை எங்களைப் பார்த்தன.

திரும்பும்போது, வேதாரண்யத்துக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவே ஒரு ஊருக்குள் வண்டியைத் திருப்பச் சொன்னார். அவருடைய பழைய நைட் ஹால்ட். இப்போது வீட்டுக்கு வீடு பைக். பஸ் ராத்திரி தங்குவது நின்று வெகுகாலமாகிவிட்டது. பிள்ளையார் கோயில் வாசலில் நிறுத்தினோம். ஒரு கிழவி டார்ச் அடித்துப் பார்த்தாள். "அட, கண்டக்டரு! முடியெல்லாம் எங்க போச்சு?" அரை மணியில் எவர்சில்வர் தூக்கு ஒன்று வந்தது, அதில் மீன் குழம்பு. அப்புறம் இன்னொரு வீட்டிலிருந்து இட்லி. நான் அன்று பேட்டரியில் 210 வாட்-மணி மிச்சம்பிடித்து வைத்திருந்தேன், நூடுல்ஸ் போடலாமென்று.

அப்பா கோயில் மண்டபத்தில் துண்டை விரித்து ஒரே நிமிடத்தில் குறட்டை விட்டார். நான் உள்ளே மெத்தையில், கொசுவோடும் ஆட்டு வாசனையோடும் விழித்துக் கிடந்தேன். தூங்குவதற்கு முன் யாரோ அவரிடம், "காலையில எத்தனை மணிக்கு எடுப்பீங்க?" என்று கேட்டதும், அவர் யோசிக்காமல் "ஆறே கால்" என்றதும் காதில் விழுந்தது. ஏதோ பழைய ஞாபகத்தில் பேசிக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஜன்னல் கண்ணாடியைத் தட்டுகிற சத்தத்தில் கண் விழித்தால், வெளியே வரிசை. பால் கேன், பூக்கூடை, யூனிஃபார்ம். நான் எழுந்து உட்கார்வதற்குள் என் கட்டிலின் கால்மாட்டில் நாலு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். அத்தனை பேர் பார்க்கப் பல் தேய்ப்பது சுலபமில்லை. ஒரு பெண் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். அப்பா குளித்து, விபூதி இட்டு, சட்டைப்பையில் பேனாவோடு படியில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு விசில்.

அடுத்த ஊர் நிறுத்தத்தில் கீரைக்கட்டோடு நின்ற ஒரு அம்மாள், ஏறும்போதே என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஆறே கால் வண்டின்னு போன் பண்ணிச் சொன்னாங்க. மணி ஆறே முக்காலு. இந்தக் கீரையை இனிமே மாட்டுக்குத்தான் போடணும். டிரைவரு புதுசா?"

"டெம்பரவரிம்மா" என்றார் அப்பா. "நீங்க உள்ள போங்க."