புண்ணியத்துக்கு ஓடுகிறவர்

லண்டன் ஆபீஸ் ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு பரோபகாரி உண்டு. லிஃப்ட் பழுதாகிவிட்டால் இரண்டாம் மாடி வேலையை மறுநாளைக்கு ஒத்திப்போடும் சுபாவமுடைய அந்த ஆசாமி, ஜனவரி பிறந்ததும், ஏப்ரலில் நடக்கும் மாரத்தானில் ஓடி, புற்றுநோயாளிகளுக்குத் துணை நிற்கும் மாக்மில்லன் ஸ்தாபனத்துக்கு நிதி திரட்டப் போவதாகச் சங்கல்பம் செய்துகொண்டு வந்து நிற்பார். தந்தையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டக்ளஸ் மாக்மில்லன் 1911-இல் தொடங்கிய தர்மம் அது. பரிகாசம் செய்ய யாருக்கும் நா எழாது. அதுதான் நம்மவருடைய பலம்.

தூரம் 26 மைல் 385 கஜம். 1908-ஆம் வருஷத்து லண்டன் ஒலிம்பிக்கில், வின்ட்ஸர் கோட்டையில் புறப்பட்ட ஓட்டம் ராஜ குடும்பத்தாரின் ஆசனத்துக்கு எதிரே முடிந்தது. அன்று அமைந்த கணக்குக்கு உலகத்து முழங்கால்கள் எல்லாம் இன்றுவரை ராஜபக்தி செலுத்தி வருகின்றன.

ஸ்தாபனத்தின் பெயரில் ஓட இடம் பெற்றவர், இத்தனை ஆயிரம் பவுன் வசூலித்துத் தருவதாக வாக்குக் கொடுத்தாக வேண்டும். ஆகவே பந்தயம் கிரீனிச்சில் ஆரம்பமாவதாகப் பத்திரிகைகள் எழுதினாலும், உண்மையில் அது ஆரம்பமாவது ஆபீஸில் தேநீர் போடும் அறையில்தான். பெயர், விலாசம், தொகை என்று கட்டம் போட்ட காகிதமும் கையுமாக வரும் அவர், முதல் வரியில் விழுகிற தொகையே மற்றவர்களுக்கும் அளவுகோலாகும் என்ற மனித சுபாவத்தை அறிந்தவராகையால், தம் அத்தையிடம் ஐம்பது பவுன் எழுதி வாங்கிக்கொண்ட பிறகே உள்ளே அடியெடுத்து வைப்பார். இரண்டு பவுனோடு தப்பிக்கலாம் என்று பேனாவைத் திறந்த கணக்கர், அத்தையின் ஐம்பதைக் கண்டு, பெருமூச்செறிந்து, பத்து என்று எழுதுவார்.

"கிஃப்ட் எய்டுக்கு ஒரு டிக் போட்டுவிடுங்கள் சார், பவுனுக்கு 25 பென்ஸ் சர்க்கார் சேர்த்துக் கொடுக்கும்."

வருஷம் முழுவதும் வரி கட்டிய வயிற்றெரிச்சலுக்குப் பரிகாரம் கிடைத்ததென்று, கணக்கர் அந்த டிக்கை மட்டும் காகிதம் கிழியும்படி அழுத்திப் போடுவார்.

அது முதல் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் நமக்கு நிம்மதி இல்லை. கால்விரல் நகம் கறுத்துக் கழன்ற சரித்திரத்தையும், தோல் உராயுமிடங்களில் வாஸலின் பூசும் விதியையும், நாம் உணவை வாயில் வைக்கும் சமயம் பார்த்தே அவர் விஸ்தரிப்பார்.

பந்தய ஞாயிறன்று, கட்டி ஸார்க் கப்பலைச் சுற்றும்வரை ராஜநடை. பாதி தூரம் நெருங்கும் டவர் பிரிட்ஜில், காண்டாமிருக வேஷம் தரித்த ஒருவர் அவரை முந்திச் செல்வார். பச்சைச் சட்டையின் மார்பில் அச்சிட்ட பெயரைப் படித்து, முன்பின் அறியாத ஜனங்கள் உரிமையோடு கூவி உற்சாகப்படுத்துவார்கள். முதுகில் 'அம்மாவுக்காக' என்றிருக்கும். நகத்தைப் பற்றி அவ்வளவு பேசிய மனிதர் இதை ஆபீஸில் ஒருவரிடமும் சொன்னதில்லை.

திங்கட்கிழமை காலை, கழுத்தில் பதக்கம் தொங்க, தொடைகள் மடங்க மறுப்பதால் மாடிப்படியில் பின்புறமாகவே இறங்கி வருவார். ஒரு கை கைப்பிடியில் இருக்கும், மறு கையில் எழுதிக் கொடுத்துவிட்டு இன்னும் பணம் தராதவர்களின் ஜாபிதா.